ஒழுகுகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். என்னைக் கூப்பிட்டபோது, "வாகனங்களைப் பற்றி ஏதாவது பேசுங்கோ" என்றார்கள். எஞ்சினைப் பற்றிப் பேச இந்தத் திருகோணமலையிலே என்னைவிடக் கெட்டிக்காரர் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒழுக்கு மட்டும்தான். கூரையால் ஒழுகுவது, யன்னலால் ஒழுகுவது, ஒழுகவே இல்லை என்று சொந்தக்காரர் சத்தியம் பண்ணிக்கொண்டிருக்க மெத்தைக்கு அடியில் ஊறிக்கொண்டிருப்பது.

என்னுடைய தகப்பனார் மரவள்ளங்களுக்குக் கலப்பற்றுப் பார்த்தவர். இளம் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாமல் இருக்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியைத் தட்டித் தட்டி இறக்கி, மேலே குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பூசுகிற வேலை. பிறகு வள்ளங்கள் பைபருக்கு மாறின. நானும் பைபர் ஒட்டப் பழகி, அதிலிருந்து வாகன பொடி வேலைக்கு, அதாவது வெளிக்கூடு திருத்துகிற வேலைக்கு, வந்தேன். எங்கள் ஊரின் பெயரைச் சுமந்த கப்பல் ஒன்று இருக்கிறது, தெரியுமோ? எச்.எம்.எஸ். திருகோணமலை. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டியது. இன்றைக்கும் இங்கிலாந்திலே ஹாட்டில்பூல் என்ற ஊரில் தண்ணீரில் மிதந்துகொண்டு நிற்கிறது. இருநூறு வருடத்துக்கு மேல். அந்தக் கப்பலை நினைத்துக்கொண்டுதான் நான் மூன்று வருடப் பழைய கரவன்களின் கூரையில் ஏறுகிறேன். மூன்று வருடத்திலேயே சில உள்ளே உக்கிப் போயிருக்கும்.

கரவன் என்று நான் சொல்வது, கோஸ்டர், ரோசா மாதிரிச் சின்ன பஸ்ஸில் சீற்றுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், குசினி, தண்ணீர்த் தொட்டி, ஒரு குட்டிக் குளியலறை எல்லாம் வைத்துக் கட்டுகிற வண்டி. நிலாவெளிப் பக்கம் போனால் கடலைப் பார்த்தபடி ஒன்றிரண்டு நிற்கும். பஸ்ஸாக இருந்தபோது அதன் கூரையில் ஓட்டை குறைவு. கரவனாக்கும்போது காற்றோட்டத்துக்கு ஒரு பெரிய துளை, சோலார் தகட்டுக்கு எட்டு ஆணித் துளை, வயருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, பக்கச் சுவரில் புது யன்னல்கள் என்று நாங்களே வெட்டித் தள்ளிவிடுகிறோம். வெட்டின ஒவ்வொரு இடமும் தண்ணீருக்கு வைத்த வாசல்.

ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். கோஸ்டரின் கூரை ஏழு மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலம், ஆகப் பதினாலு சதுர மீற்றர். வாடைக்காற்றோடு ஒரு இரவில் 50 மில்லிமீற்றர் கொட்டினால் அந்தக் கூரைமேல் 700 லீற்றர் தண்ணீர் ஓடுகிறது. அதில் ஒரு குவளை உள்ளே போனாலே மெத்தை போச்சு. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்கள் கரையில் ஏறியதே, அந்த மாதிரி இரவுகளில் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கத்தாலே அடிக்கும். கூரையை மட்டும் பார்த்தவர்களுக்கு அப்போதுதான் யன்னல் றப்பரின் ஞாபகம் வரும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கோஸ்டர் கரவன் ஒன்றைக் கொண்டுவந்து என் வளவில் விட்டார். பின்பக்கக் கட்டிலுக்கு மேலே கூரைப் பலகையில் தேத்தண்ணி கொட்டினது மாதிரி ஒரு கறை. அவர் சும்மா இருக்கவில்லை. பின் யன்னலைச் சுற்றி மூன்று டியூப் சிலிக்கன் பூசியிருந்தார். அதற்குப் பிறகும் ஒழுக்கு நிற்கவில்லை.

நான் கேட்ட முதல் கேள்வி, வண்டியை எங்கே, எப்படி நிறுத்துவீர்கள் என்பது. வீட்டு வளவில் முன்பக்கம் மேடு, பின்பக்கம் பள்ளம் என்றார். நிலாவெளியில் மணலில் விட்டபோது முன் ரயர் புதைந்து, மூக்கைக் குத்திக்கொண்டு நின்றதாம். "அன்றைக்கு எங்கே நனைந்தது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன் அலுமாரி அண்ணை" என்றார். அதோடு எனக்குப் பாதி வேலை முடிந்தது. பின் யன்னல் ஓட்டை என்றால் முன் அலுமாரி ஏன் நனைகிறது? தண்ணீர் நடுக்கூரையில் எங்கேயோ இறங்கி, வெளித் தகட்டுக்கும் உள் பலகைக்கும் இடையில், வண்டி சரிந்த பக்கம் ஓடுகிறது. கறையைப் பார்த்து அடைப்பவர்கள் தண்ணீர் வெளியே வருகிற வழியைத்தான் அடைக்கிறார்கள். உள்ளே போன தண்ணீருக்கு அந்த வழியும் இல்லையென்றால் அது பலகையிலேயே தங்கிவிடும்.

தண்ணீர் அடித்துப் பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே டோர்ச்சோடு, மற்றவர் வெளியே தோட்டத்துப் பைப்போடு. கீழே தொடங்கி மேலே போகவேண்டும். மேலே தொடங்கினால் தண்ணீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடமாவது பொறுமையாக விடவேண்டும். வாகனம் கழுவுகிற பிரஷர் மெசினைக் கொண்டுவராதீர்கள். எந்த மழையும் அப்படி அடிப்பதில்லை. நல்ல றப்பரையும் தாண்டி உள்ளே போய், இல்லாத ஒழுக்கைக் காட்டும்.

நாங்கள் பின் யன்னலில் தொடங்கினோம், சொட்டு இல்லை. பக்க யன்னல்கள், இல்லை. காற்றோட்டத் துளை, அதிலும் இல்லை. என் மகன் உள்ளே இருந்து அலுத்துப்போய்ப் பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டான். சோலார் தகட்டின் முன் பிடியில் தண்ணீர் விட்டு ஏழெட்டு நிமிடம் இருக்கும், பாட்டு நின்றது. எட்டு ஆணியில் ஒரே ஒரு ஆணி. சாதாரண இரும்பு ஆணி, கடற்காற்றில் கறள் பிடித்து அரைவாசி மெலிந்துபோய் இருந்தது. அங்கேயிருந்து கட்டில் மூன்று மீற்றர் தூரம்.

ஆளில்லாமல் தனியே தேடுபவர்களுக்கு இன்னொரு வழி. கதவு, யன்னல், காற்றோட்டத் துளை எல்லாவற்றையும் மூடி, ஒரு யன்னலில் மட்டும் அட்டை வைத்து, ஊதுகிற புளோவர் ஒன்றை உள்ளே காற்றுத் தள்ளும்படி பொருத்துங்கள். மெல்லிய அழுத்தம் போதும், கொம்பிரசர் வேண்டாம். வெளியே மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீரைத் தடவிக்கொண்டு போனால், இடைவெளி உள்ள இடத்தில் குமிழி கட்டும். சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடுகிற கடையில் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான்.

கண்டுபிடித்த பிறகு எங்கள் ஆட்கள் செய்கிற பிழை, பழையதுக்கு மேலேயே புதியதைப் பூசுவது. சிலிக்கனுக்கு மேல் வேறொன்றும் ஒட்டாது. புதுச் சிலிக்கனே பழைய சிலிக்கனில் சரியாகப் பிடிக்காது. அந்தத் தம்பி பூசின மூன்று டியூப்பையும் சுரண்டி எடுக்க எனக்கு ஒன்றரை நாள் போனது. அதற்குக் கூலி கேட்டபோது அவர் முகம் போன போக்கைச் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று, பூசும்போது வினாகிரி மாதிரிப் புளிச்ச மணம் வருகிற சிலிக்கன் இருக்கிறதே, அது குளியலறைக் கண்ணாடிக்குச் சரி. காயும்போது அசற்றிக் அமிலம் விடும், தகட்டையும் ஆணியையும் தின்னும்.

ஏன் இறுகாத பசை வேண்டும் என்றால், வெயிலில் தகடு அசைகிறது. ஏழு மீற்றர் அலுமினியத் தகடு 30 பாகை கூடச் சூடானால் ஏறக்குறைய ஐந்து மில்லிமீற்றர் நீளும். இரும்பு அதில் பாதிதான். கச்சான் காலத்துப் பகல் வெயிலில் நீண்டு, இரவில் சுருங்கி, கிடங்கு விழுந்த ரோட்டில் குலுங்கி, அலுமினியத்துக்கும் இரும்புக்கும் நடுவில் கல்லாக இறுகின பசை வெடிக்காமல் என்ன செய்யும்? ஆகவே பிடிக்கு அடியில் பியூட்டைல் நாடா, றப்பர் மாதிரி இளகின ஒட்டுப் பட்டி. அது காய்ந்து இறுகுவதே இல்லை, ஆணியை முறுக்கும்போது பிதுங்கி ஆணியைச் சுற்றியும் அடைக்கும். ஆணி, கறள் பிடிக்காத ஸ்ரெயின்லெஸ். ஆணித் தலைக்கு மேல் பொலியூரித்தேன் பசை. தகப்பனாரின் பஞ்சும் குங்கிலியமும் மாதிரித்தான்: அடியில் இளகினது ஒன்று, மேலே மூடுவது ஒன்று.

இவ்வளவும் காய்ந்த பலகையில்தான். உள்ளே ஈரம் இருக்க வெளியே அடைத்தால் ஈரத்தைச் சிறை வைத்த கணக்கு. அந்தக் கரவனில் ஒட்டுப்பலகை ஒரு முழம் அளவு விரலால் அமுக்கினால் புட்டு மாதிரி உதிர்ந்தது. அதை வெட்டி எடுத்து, கொட்டிலுக்குள் விட்டு, தை மாதம் நடுப்பகுதி வரை காயவிட்டோம். ஈரமானி என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, இரண்டு ஊசியைப் பலகையில் குத்தினால் ஈரத்தின் வீதம் காட்டும். வெளிநாட்டுப் புத்தகங்களில் 15 வீதத்துக்குக் கீழே நல்லது, 20ஐத் தாண்டினால் பார்க்கவேண்டும் என்று போட்டிருக்கும். எங்கள் மாரியில் நல்ல பலகையும் கொஞ்சம் கூடத்தான் காட்டும். வண்டிக்குள்ளேயே நனையாத இடம் ஒன்றில் குத்திப் பார்த்து, அதோடு ஒப்பிடுங்கள்.

மழையே இல்லாமல் நனைந்தால்? ஆவணி மாதத்தில் ஒருவர் ஓடிவந்தார், மூன்று வாரமாக ஒரு துளி மழையில்லை, கூரை சொட்டுகிறது என்று. ஏசியின் கழிவுநீர்ப் பாதையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஒரு கம்பித் துண்டால் குத்தினேன், முடிந்தது. காசு வாங்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் வாங்கினேன்.

தொட்டிப் பக்கத்து ஒழுக்கைப் பம்பே சொல்லிக் கொடுக்கும். எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டுப் படுங்கள். அழுத்தம் குறைந்தால்தான் பம்ப் தானாக ஓடும். ராத்திரியில் யாரும் தண்ணீர் எடுக்காமல் 'டக்' என்று ஓடி நின்றால், தண்ணீர் எங்கேயோ போகிறது. ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த ரிசுப் பேப்பரால் துடைத்துப் பாருங்கள், கைக்குத் தெரியாத ஈரம் பேப்பரில் தெரியும். சுடுதண்ணீர் ஹீற்றரின் பின்பக்கத்தையும், குசினிச் சிங்கின் அடியையும் முதலில் பாருங்கள். ஒரு மூட்டும் நனையவில்லை, ஆனாலும் பம்ப் ஓடுகிறது என்றால் பயப்படவேண்டாம். பம்புக்குள் இருக்கிற ஒருவழி வால்வு தேய்ந்து, தண்ணீர் திரும்பித் தொட்டிக்கே போகலாம். வெளியே ஒரு சொட்டும் வராது.

எப்போது செய்வது என்று கேட்பீர்கள். எல்லோரும் ஐப்பசியில் முதல் மழை விழுந்த பிறகுதான் என் வளவுக்கு வருகிறார்கள். அந்த நேரம் என்னிடம் நிறுத்த இடமும் இல்லை, காயவைக்க வெயிலும் இல்லை. ஆவணி, புரட்டாசியில் ஒரு காலை நேரம், தகடு சூடாக முன், கூரையில் ஏறிப் பாருங்கள். பலகை வைத்து, அதன்மேல் கால் வையுங்கள். மூட்டுகளில் வெடிப்பு, ஆணித் தலையில் கறள், றப்பர் ஓரத்தில் பச்சைப் பாசி, இந்த மூன்றும்தான் பார்க்கவேண்டியது.

அந்தக் கோஸ்டர் தம்பி இப்போதும் வருவார். கூரை ஒழுகவில்லை. பம்ப் மட்டும் இரவில் ஒருதரம் 'டக்' என்கிறதாம். வால்வை மாற்றித் தருகிறேன் என்றேன். "இருக்கட்டும் அண்ணை, அது இல்லாட்டி இப்ப நித்திரை வருதில்ல" என்கிறார். வணக்கம்.