வெறும் மண்மேடு என்று கடந்து போகாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கோட்டை என்றதும் நம் கண்முன் வருவது கல்மதில்தான். ஆனால் பிரான்சின் வடக்கிலிருந்து வந்து 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியர்கள் அவசர அவசரமாக எழுப்பிய கோட்டைகளில் பெரும்பாலானவை மண்ணும் மரமும்தான். அகழியை வெட்டுவார்கள், வெட்டிய மண்ணையே குவித்து மேடாக்குவார்கள், உச்சியில் ஒரு மரக்கோபுரம், கீழே வீடும் லாயமும் களஞ்சியமுமாக ஒரு முற்றம், சுற்றிலும் மரக்கம்ப மதில், அவ்வளவுதான். அந்தப் படையெடுப்பைப் படம் படமாகத் தைத்துக் காட்டும் நீண்ட பழைய துணி ஒன்று உண்டு, பேயோ திரைச்சீலை என்பார்கள்; அந்த வேலையை அதில் இன்றும் பார்க்கலாம். ஹேஸ்டிங்ஸில் ஆட்கள் மண் வாரிக் கொட்டுகிறார்கள், அதில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு மண்வெட்டியாலேயே ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள்.

இன்று நான் பேச வந்தது அப்படிப்பட்ட ஒரு கோட்டையைப் பற்றி. வேல்ஸ் எல்லையில், செவர்ன் ஆற்றைக் கடக்கும் பழைய துறைக்குப் பக்கத்தில், ஹென் டோமென் என்ற சிற்றூரில் இருக்கிறது. ரோஜர் டி மான்கோமெரி என்ற நார்மானியப் பிரபு கட்டியது. நார்மானிய அரசர் நாட்டின் நிலங்களைக் கணக்கெடுத்து எழுதவைத்த 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டிலேயே அந்தக் கோட்டை குறிக்கப்பட்டுவிட்டது. 1095-இல் வேல்ஸ்காரர்கள் அதைக் கைப்பற்றினார்கள், பிறகு அது கைமாறி பால்ட்வின் என்பவர் குடும்பத்துக்குப் போனது.

இப்போது அங்கே போனால் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. புல் மூடிய மேடு, முற்றத்தைச் சுற்றி இரட்டைக் கரை, இரட்டை அகழி. சரி, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 1960-இல் பிலிப் பார்க்கர் அங்கே அகழாய்வு தொடங்கினார், பின்னால் ராபர்ட் ஹைம் சேர்ந்துகொண்டார், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில், முற்றத்தின் ஒரு பகுதியை மட்டும் தோண்டினார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறுகிய பள்ளம் வெட்டாமல், அகலமாகத் திறந்து, சிறு கரண்டியால் படலம் படலமாகச் சுரண்டினார்கள். நட்ட கம்பம் மக்கிப்போனாலும் அது நின்ற குழியின் மண் நிறம் மாறியிருக்கும், இறுக்கம் குறைந்திருக்கும், அந்தக் கறையைத் தேடித்தான் இத்தனை பாடு. தரையில் கிடத்திய உத்தரத்தின் மேல் கட்டிய வீடாக இருந்தால் குழிகூட இருக்காது, கூழாங்கற்கள் எங்கே தேய்ந்திருக்கின்றன, எங்கே தேயாமல் இருக்கின்றன என்று பார்த்துத்தான் சுவர் நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்! கடைசியில் தெரிந்தது என்னவென்றால், அது ஏதோ தற்காலிகக் கொட்டகை இல்லை, நெருக்கி நெருக்கி வீடுகள் கட்டி, காவல் கோபுரங்கள் வைத்து, திரும்பத் திரும்பப் புதுப்பித்து, நூற்றைம்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆட்கள் வாழ்ந்த இடம். மரக்கோட்டை என்றால் மட்டமானது என்ற நினைப்பை இந்த ஒரு அகழாய்வே உடைத்துவிட்டது என்பேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. கோட்டைக்கு அடியில் உழவு சால்கள் கிடைத்தன, வரப்பும் பள்ளமுமாக, அப்படியே. கரையின் மண் மூடியதால்தான் அவை தப்பித்தன. நார்மானியர் வருவதற்கு முன்பே அங்கே உழவு நின்றுபோயிருக்கிறது. நார்மானியருக்கு முன் ஆண்ட எட்வர்ட் அரசர் காலத்தில் அது வேட்டைக்காடாக இருந்ததாக டூம்ஸ்டே பதிவேடும் சொல்கிறது. எழுத்தும் மண்ணும் இப்படி ஒத்துப்போவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

1223-இல் மூன்றாம் ஹென்றி கொஞ்ச தூரத்தில் ஒரு பாறை மேல் கல்கோட்டை கட்டத் தொடங்கினார், அதைச் சுற்றித்தான் இன்றைய மான்கோமெரி ஊர் வளர்ந்தது. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1649-இல் அந்தக் கல்கோட்டையை நாடாளுமன்றத்தார் இடித்துப் போட்டார்கள். வருகிறவர்கள் அந்த இடிபாட்டைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனால் ஹென் டோமெனுக்கும் போங்கள். கரையில் ஏறி மிதிக்காதீர்கள்; முற்றத்தில் தோண்டாத பகுதி இன்னும் இருக்கிறது, இனி வருகிறவர்கள் நம்மைவிட நல்ல கருவிகளோடு வருவார்கள்.