கிளாரினெட்டுக்கு ஒரு பாட்டு வாத்தியார்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்யாண ஊர்வலத்து பேண்டு செட்டில் கிளாரினெட்டைப் பார்த்திருப்பீர்கள். கறுப்புக் குழல், மேலெல்லாம் பளபளவென்று உலோக மூடிகள். 'கீ' என்று நாங்கள் சொல்வது அந்த மூடிகளைத்தான். இங்கே அது பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர்க் கச்சேரி வழியாக வந்தது, 19ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் கொண்டுவந்தார் என்பார்கள். அந்தக் குழலில் தவில் துணையோடு முழுக் கச்சேரி வாசித்துப் பெயர் வாங்கியவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன்.

1931-இல் பிறந்தவர். வீட்டிலேயே இசை இருந்தது. அவர் யாரிடம் கற்றார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வாய்ப்பாட்டு, ஆலத்தூர் வெங்கடேசய்யரிடம். ஆலத்தூர் சகோதரர்களைத் தயார் செய்த அதே வெங்கடேசய்யர்தான். நாகசுரம், இலுப்பூர் நடேச பிள்ளையிடம்.

கிளாரினெட் வாசிக்கிறவருக்குப் பாட்டு வாத்தியார் எதற்கு?

தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காந்தாரம், அதாவது 'க', ஓரிடத்தில் நிற்காது. 'ரி' என்கிற ரிஷபத்துக்கும் 'ம' என்கிற மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடும். கீயோ திறக்கும் அல்லது மூடும், படிக்கட்டு மாதிரி. நடுவில் உள்ள வழுக்கலை நாம்தான் உண்டாக்க வேண்டும். திறந்த துளையிலிருந்து விரலை அப்படியே தூக்காமல் மெல்ல உருட்டி விலக்க வேண்டும், கூடவே, வாயில் வைத்து ஊதும் நாணல் பட்டையான சீவாளியை உதடு பிடிக்கிற பிடியையும் தளர்த்த வேண்டும். எவ்வளவு உருட்டுவது என்று விரலுக்குத் தெரியாது. தொண்டைக்குத்தான் தெரியும். பாடத் தெரியாதவர் கையில் தோடி பேண்டு வாத்தியமாகிவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நாகசுரத்தில் ஒரே விரல் பிடிப்பில் ஊதும் அழுத்தத்தைக் கூட்டினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கிடைக்கும். கிளாரினெட்டில் ஸட்ஜம், அதாவது 'ஸ', பிடித்துக்கொண்டு கட்டைவிரல் கீயை அழுத்தினால், மேல் ஸட்ஜத்தைத் தாண்டி அதற்கும் மேலே உள்ள பஞ்சமம், அதாவது 'ப', பேசும்! ஆகவே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் விரல் கணக்கு வேறு. நாகசுரத்தில் பழகிய விரலை இங்கே மறுபடி பழக்க வேண்டும்.

இத்தனையையும் தாண்டி அவர் வாசித்ததைக் கேட்டு 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பட்டம் கொடுத்தவர் நாகசுர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. தோடி என்றாலே நினைவுக்கு வருகிற ராஜரத்தினம் பிள்ளை, 1956-இல் மறைந்தவர். அப்படியானால் பட்டம் வாங்கியபோது நடராஜனுக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் இருந்திருக்காது! மற்றவை நிதானமாகத்தான் வந்தன. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி 2008-இல், பத்மஸ்ரீ 2022-இல். அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது.

நானும் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருஷம் ஒரு பையன் புதுக் குழலோடு வந்தான். சரி, பெட்டியை மூடி வை, மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான ஸரளி வரிசை பாடு என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "சார், நான் பாட்டு கிளாஸுக்கு வரலையே" என்றான். அவன் அம்மாவும் வாசலில் நின்றபடி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூன்று மாதம் பெட்டி திறக்கவே இல்லை. அப்புறம் ஒரு நாள் குழலை எடுத்தான். ஒரு ஸ்வரம் கொஞ்சம் கீழே பேசியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே நிறுத்தி, அதைப் பாடிப் பார்த்துவிட்டு, மறுபடி ஊதினான்.