ஊசி கிடையாது என்று சொல்லாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

"ஊசியெல்லாம் போட மாட்டாவ மக்களே, டாக்டர் சும்மா பாத்துட்டு விட்டுருவாவ." ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறும்போதே பல வீடுகளில் பிள்ளைக்கு இந்த வாக்குறுதி கொடுத்தாகிவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் ஊசி வருகிறது. குத்திய வலி சீக்கிரம் போய்விடும். அம்மா சொன்னது பொய் என்பது போகாது. அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே பிள்ளை அலறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

உண்மையைச் சொல்லுங்கள். எப்போது சொல்வது என்பது வயதைப் பொறுத்தது. இரண்டு வயதுக் குழந்தைக்கு 'நாளைக்கு' என்பதே பிடிபடாது. கிளம்பும்போது ஒரு வரி, ஊசிக்குச் சற்று முன் ஒரு வரி போதும். நாலைந்து வயதென்றால் முந்தின நாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு நாலைந்து நாள் முன்பே சொல்லலாம், கேள்வி கேட்க அவகாசம் வேண்டுமே. பதின்ம வயதுப் பிள்ளையை டாக்டர் பேசும்போதே பக்கத்தில் உட்கார வையுங்கள். கதவுக்கு வெளியே நிறுத்தினால், நடப்பதைவிட மோசமாக அது கற்பனை செய்துகொள்ளும்.

இன்னொன்று. மூன்று முதல் ஏழு வயது வரை, நோய் தனக்குக் கிடைத்த தண்டனை என்று பிள்ளைகள் எளிதில் நம்பிவிடும். "சொன்ன பேச்சு கேக்கல, அதான் காய்ச்சல் வந்துது" என்று நாமே அதை உறுதி செய்கிறோம். "இது உன்னால வந்ததில்ல மக்களே" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஒரு முறைக்கு மேலும் சொல்ல வேண்டும்.

குளுக்கோஸ் ஏற்றக் கையில் வென்ஃப்ளான் என்ற சிறு குழாயை ஊசியால் குத்திப் போடுவார்கள். போட்ட பிறகு சில பிள்ளைகள் அந்தக் கையை மரக்கட்டை மாதிரி விறைப்பாக வைத்துக்கொள்ளும், விரலைக்கூட அசைக்காது. ஊசி இன்னும் உள்ளேயே இருக்கிறது, அசைந்தால் குத்தும் என்ற பயம். உண்மையில் ஊசியை அப்போதே உருவிவிடுகிறார்கள், உள்ளே இருப்பது வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய். இதை யாரும் பிள்ளையிடம் சொல்வதில்லை. சொல்லிப் பாருங்கள், அந்த விரல்கள் மெல்ல விரிவதைப் பார்ப்பீர்கள். போடும் முன்பே நர்ஸிடம், "இவன் இந்தக் கை விரலைத்தான் சூப்புவான், மத்த கையில போட முடியுமா?" என்று கேளுங்கள். எழுதுகிற பிள்ளைக்கும் அதே கணக்குதான்.

படுக்கவைத்து நாலு பேர் அமுக்கிப் பிடிப்பது பயத்தைக் கூட்டும், திமிறலும் கூடும். நர்ஸ் சம்மதித்தால் உங்கள் மடியில், உங்கள் நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்துக் கட்டிக்கொள்ளுங்கள், ஊசி போடும் கை மட்டும் வெளியே நீளட்டும். கைக்குழந்தைக்கு ஊசிக்கு முன்பே பால் கொடுக்கத் தொடங்கி, போடும்போதும் நிறுத்தாதீர்கள். பெரிய பிள்ளையை சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள், நீண்ட மூச்சாக. மரத்துப்போகச் செய்யும் களிம்பு உண்டு, சுமார் ஒரு மணி நேரம் முன்பே பூச வேண்டும், டாக்டர் சொன்னால் மட்டும். "ஒரே குத்துதான்" என்று கணக்குச் சொல்லாதீர்கள். ரத்தக்குழாய் கிடைக்காமல் இரண்டாவது முறை குத்த நேரிடலாம்.

ஆபரேஷனுக்கு "தூங்க வைப்பாவ" என்று மட்டும் சொன்னால், சில பிள்ளைகள் ராத்திரித் தூக்கத்துக்கே பயப்படும், நடுவில் முழித்துவிடுவோமோ என்றும் பயப்படும். "இது மருந்துத் தூக்கம், முடியும்வரை முழிப்பு வராது, முடிஞ்சதும் எழுப்பிருவாவ" என்று சொல்லுங்கள். வெறும் வயிறு எத்தனை மணியிலிருந்து, தண்ணீர் எதுவரை கொடுக்கலாம் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிவையுங்கள். வழக்கமாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு 2. பயந்துபோய் ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் பிள்ளை காலையில் துவண்டு, சிடுசிடுத்துத்தான் உள்ளே போகும்.

பிள்ளை தூங்கும்போது நைசாக நழுவாதீர்கள். "கஞ்சி வரும்போது வந்துருவேன், அதுவரை ஆச்சி இருப்பா" என்று சொல்லி, உங்கள் துண்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். அழட்டும், அது நல்ல அழுகை. சத்தமே போடாமல் சுவரைப் பார்த்துக் கிடக்கும் பிள்ளையை "பழகிட்டு" என்று நினைக்க வேண்டாம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இங்கிலாந்தில் ஒரு இரண்டு வயதுக் குழந்தையின் ஆஸ்பத்திரி நாட்களைப் படமெடுத்து 1952இல் காட்டியது இதைத்தான், அந்த மௌனம் துயரம். பெற்றோர் எந்நேரமும் குழந்தையைப் பார்க்க விட வேண்டும் என்று 1959இல் அங்கே அரசுக் குழு பரிந்துரைத்ததற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

தூத்தூர்ப் பக்கம் மீனவர் வீடுகளில் அப்பா வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பார், போன் கிடைக்காது. நாள் குறித்த ஆபரேஷன் என்றால், கிளம்பும் முன் அவர் குரலை ஐந்தாறு துண்டுகளாகப் பதிந்து வையுங்கள், ராத்திரிக்கு ஒன்றாகப் போடலாம்.

வீடு திரும்பிய பிறகு படுக்கையில் மூத்திரம் போவதும், சேலையை விடாமல் பிடித்துக்கொள்வதும் சில வாரம் இருக்கலாம். அதட்டாதீர்கள். ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவு, சாப்பிட மறுப்பது தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், அதாவது அரசின் மனநல உதவி எண்ணிலும், இலவசமாகப் பேசலாம்.

ஊசி இல்லாத வெறும் சிரிஞ்ச் ஒன்றைப் பிள்ளையிடம் விளையாடக் கொடுங்கள். பொம்மைக்கு ஊசி போடும்போது அதை அதட்டுகிறதா, மடியில் வைத்துக்கொள்கிறதா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். ஆஸ்பத்திரியில் தனக்கு எது வலித்தது என்பதைப் பிள்ளை பெரும்பாலும் அந்தப் பொம்மையிடம்தான் சொல்லும்.