அடியைத் திருப்பிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். காளான் என்றதும் எல்லோரும் மேலே உள்ள குடையைத்தான் பார்க்கிறோம். நான் என் மாணவர்களிடம் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: திருப்பிப் பார்.

கடைக் காளானைத் திருப்பினால் புத்தகத் தாள்போல மடல்கள் தெரியும். பொலீட் என்ற காளான் வகையைத் திருப்பினால் மடலே இராது, நுண்ணிய பொத்தல்கள்தான். சட்டியிலிருந்து இறக்கிய அப்பத்தின் நடுப்பகுதி நினைவிருக்கிறதா? அதேதான், பொத்தல் மட்டும் இன்னும் சின்னது.

ஒரு மாரிகாலத்தில் மாணவன் ஒருவன் சோற்றுத் தட்டளவு காளானை ஷொப்பிங் பையில் கட்டி, பஸ்ஸில் மூன்று மணி நேரம் கொண்டுவந்தான். பையை அவிழ்த்தால் பாதி கூழ்! அந்த நாற்றத்தைப் பற்றி வேண்டாம், சிலர் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். மிஞ்சிய துண்டைத் திருப்பினோம். பொத்தல். கத்தியால் கீறினோம். மஞ்சள் சதை மெல்ல நீலம் பூத்தது. வகுப்பே வாயடைத்துப்போனது. காளானைத் தாள் பையில் கொண்டுவர வேண்டும் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் உறைத்தது.

அது ஃபிளெபோபஸ் போர்டென்டோசஸ். நம் இலங்கைக் காளான். பேராதனைப் பூங்காவைக் கவனித்த த்வெயிட்ஸ் இங்கிருந்து காளான்களை உலர்த்தி இங்கிலாந்துக்கு அனுப்புவார். அங்கே காளான் ஆய்வாளர்கள் பெர்க்லியும் புரூமும் 1873இல் இதற்கு பொலீட்டஸ் போர்டென்டோசஸ் என்று பெயரிட்டார்கள். போர்டென்டோசஸ் என்றால் பூதாகரமானது. அந்தக் காலத்தில் பொத்தல் உள்ள சதைப்பற்றான காளான் எல்லாமே பொலீட்டஸ்தான், ஒரே வீட்டில் ஊரையே குடிவைத்த மாதிரி. 1951இல் டச்சுக் காளான் ஆய்வாளர் பூடெய்ன் இதை ஃபிளெபோபஸ் பேரினத்துக்கு மாற்றினார். இப்போது பொலெட்டினெல்லேசியே குடும்பம்.

பொலீட்டுகளில் பெரும்பாலானவை மரவேரோடு ஒட்டி உறவாடினால்தான் முளைக்கும். இது அப்படியல்ல. வேரை உறிஞ்சும் மாவுப்பூச்சியைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். பூச்சிக்கு வீடு, காளானுக்குச் சாப்பாடு. இதைப் பற்றி இன்னொரு நாள் விரிவாகவே பேசலாம்.

கலையகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். சரி, வேகமாக: மரத்துணை இல்லாமலே வளர்வதால் சீனாவின் யுன்னானில் இதைப் பயிரே செய்கிறார்கள். தாய்லாந்தில் இதற்கு ‘ஆமை ஈரல் காளான்’ என்று பெயர், சந்தையில் விற்கிறார்கள். அதற்காக வானொலியில் கேட்டேன் என்று காட்டில் பறித்ததைச் சட்டியில் போட்டுவிடாதீர்கள். சமைக்கும் விதம் பற்றியும் குறித்து வைத்திருந்தேன், நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.