திரும்பிப் போகுமுன் பட்டியலைப் பாருங்கள்

(கிளிநொச்சியில் விளையாட்டுக் கழகப் பிள்ளைகளிடம் பேசியது, எழுத்துக்காகக் கொஞ்சம் திருத்தியது.)

எல்லாருக்கும் வணக்கம். மைக் இரைகிறது, பின்வரிசைக்கு விளங்காவிட்டால் கையைக் காட்டுங்கள். என்னிடம் தந்த தலைப்பு ‘தோல்வியும் மனவுறுதியும்’. அதைப் பற்றிப் பரிசளிப்பு விழா தோறும் கேட்டுக் கேட்டு உங்களுக்குக் காது புளித்திருக்கும், வன்னியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மனவுறுதியைப் பற்றி மேடையேறிச் சொல்ல எனக்கும் கூச்சமாக இருக்கிறது. அதனால் ட்ரயத்லனில் ஒருமுறை போய் மோசமாகச் செய்துவிட்டு வந்தவர், இரண்டாம் தடவை போவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றையும் ஒரே மூச்சில் செய்வது ட்ரயத்லன். ஒலிம்பிக் தூரம் நீச்சல் 1.5 கிலோமீற்றர், சைக்கிள் 40, ஓட்டம் 10. அதில் சரிபாதி ‘ஸ்பிரின்ட்’. 40 கிலோமீற்றர் என்றால் இங்கே ஏ9 வீதியில் ஏறி முறிகண்டிப் பிள்ளையார் கோயிலையும் தாண்டிப் போய்த் திரும்பி வருகிற தூரம், தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும் நிற்காமல். 1974 இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் தொடங்கிய விளையாட்டு, 2000 இல் சிட்னியில் ஒலிம்பிக்கிற்குள் வந்தது. 2018 இல் கொழும்பிலும் ஐயன்மேன் 70.3 என்கிற நீண்ட தூர ட்ரயத்லன் நடந்தது. அது 1.9, 90, 21.1. உங்களில் யாரும் முதல் தடவையே அதற்குப் போகவேண்டாம், சொல்லிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பையன் ஒருவன் தெற்கில் கடற்கரை ஒன்றில் நடந்த ஸ்பிரின்ட் போட்டிக்குப் போனான். பெயர் சொல்ல மாட்டேன், இங்கேதான் இருக்கிறான், யார் என்று தேடி எல்லாரும் திரும்பிப் பார்க்கவேண்டாம். கடைசிக்குக் கிட்ட முடித்தான். வந்து என்னிடம் சொன்னது, “சேர், இது காசுக்காரர் விளையாட்டு, எங்களுக்குச் சரிவராது.” நான் ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் போட்டியின் முடிவுப் பட்டியலை மட்டும் கொண்டுவரச் சொன்னேன்.

ட்ரயத்லன் முடிவுப் பட்டியலில் மொத்த நேரத்துக்குப் பக்கத்தில் இன்னும் ஐந்து நேரங்கள் இருக்கும். நீச்சல், நீச்சலில் இருந்து சைக்கிளுக்கு மாறியது, சைக்கிள், சைக்கிளில் இருந்து ஓட்டத்துக்கு மாறியது, ஓட்டம். நம்மவர்கள் வீட்டுக்கு வரும்போது கொண்டுவருவது கடைசி எண்ணை மட்டும். அந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் மனம் விட்டுத்தான் போகும். மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தோம். சைக்கிளில், அதுவும் இரவல் சைக்கிளில், பையன் பாதிப் பேருக்கு முன்னால் நிற்கிறான். நீச்சலில் அநேகமாகக் கடைசி. முதல் மாற்றத்தில் மற்றவர்கள் ஓடிவந்து ஏறிப் போய்விட்டார்கள், இவனோ மணல் ஒட்டிய காலைத் துடைத்து, சப்பாத்துக்குள் சொக்ஸ் தேடி, சைக்கிள் எந்த வரிசையில் நிற்கிறது என்று மறந்து, ஊர்வலமே போயிருக்கிறான். ஓட்டத்தில் முதல் பாதி நன்றாக ஓடி, மறுபாதி நடை. இதில் எங்கே இருக்கிறது ‘எங்களுக்குச் சரிவராது’?

நீச்சலை எடுப்போம், அதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் விடுகிறார்கள். எங்களுக்கு நீந்தத் தெரியாது என்று யாராவது சொன்னால் கோபம் வரும், குளத்தில் பிறந்தமாதிரி நீந்துகிற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் எப்படி நீந்துகிறோம்? தலையை வெளியே வைத்துக்கொண்டு, குளக்கட்டிலிருந்து பட்டமரம் வரை ஒரே பாய்ச்சலாக, அங்கே பிடித்துக்கொண்டு கதைத்துவிட்டுத் திரும்புவது. 750 மீற்றர் நிற்காமல், முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, நேராகப் போவது வேறு வேலை. அந்தப் பையன் வலப் பக்கம் மட்டுமே மூச்செடுப்பவன், அப்படி நீந்துகிறவர்கள் பலர் தங்களுக்குத் தெரியாமலே ஒரு பக்கமாக இழுபடுவார்கள். கடலில் அலை எழும்பும்போது போட்டிப் பாதையைக் காட்டுகிற மிதவை மறையும், இவன் மிதவையைத் தேடி வளைந்து வளைந்து போய், போட்டித் தூரத்தை விட அதிகம் நீந்தியிருக்கிறான். தொடக்கத்தில் சுற்றிவரக் காலும் கையும் அடிபட, மூச்சை அடக்கிக்கொண்டு நீந்தியிருக்கிறான். அடக்கினால் நெஞ்சு இறுகும், இறுகினால் பயம் வரும். மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே முழுக்க விட்டுப் பழகவேண்டும், தலையைத் திருப்பும்போது உள்ளே எடுப்பது மட்டும்தான் வேலையாக இருக்கவேண்டும். ஆறேழு கைவீச்சுக்கு ஒருதடவை கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வருகிற அளவுக்குத் தலையைத் தூக்கி, மிதவைக்குப் பின்னால் கரையில் உயரமாக நிற்கிற ஒன்றைக் குறிவைத்துப் போகவேண்டும். குளக்கட்டில் நிற்கிற தனிப்பனை இதற்கு அருமையான குறி.

எங்கே பழகுவது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் உற்சாகத்தில் விடியற்காலை தனியே குளத்தில் இறங்குகிற ஆட்களை எனக்குத் தெரியும். இரணைமடுவாக இருக்கட்டும், முத்தையன்கட்டாக இருக்கட்டும், எங்கள் குளங்களில் முதலை உண்டு. அங்கே தோணி விடுகிற மீனவர்களைக் கேட்காமல் இறங்கவேண்டாம், எந்தப் பக்கம் நல்லது, எந்தப் பக்கம் சேறு, எங்கே பழைய வலையும் முள்ளும் கிடக்கின்றன என்று அவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர் திறந்துவிடுகிற துருசுப் பக்கமும், மிச்சத் தண்ணீர் வழிகிற வான் பக்கமும் போகவே கூடாது, வயலுக்குத் தண்ணீர் திறந்திருக்கிற நாளில் துருசுக்கு முன்னால் தண்ணீர் இழுப்பது மேலே தெரியாது. இருவர் நீந்தினால் ஒருவர் கரையில் நிற்கவேண்டும், முடிந்தால் தோணியில். முல்லைத்தீவுக் கடலில் பழக ஆசைப்படுகிறவர்கள் வாடைக் காலத்தில் அந்த ஆசையை ஒத்திவையுங்கள்.

மாற்றம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் காசு செலவில்லாமல் நேரம் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் அதுதான். முற்றத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்து, ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டு ஓடிவந்து பழகுங்கள், அக்கம்பக்கம் சிரிக்கும், பரவாயில்லை. ஹெல்மெட்டைப் போட்டுப் பூட்டிய பிறகுதான் சைக்கிளை அது நிற்கிற கம்பியிலிருந்து எடுக்கலாம், திரும்பி வந்து சைக்கிளை வைத்த பிறகுதான் பூட்டைக் கழற்றலாம். ஏறுகிற கோட்டைத் தாண்டாமல் ஏறக்கூடாது. இதில் தவறினால் தண்டனை.

சைக்கிளில் நம் பலம் காற்று. சோளகக் காற்றுக்கு எதிரே தெற்கு நோக்கி மிதித்தவனுக்கு வேறு பயிற்சி தேவையில்லை. ஒரு கெட்ட பழக்கமும் சேர்ந்து வருகிறது, லாண்ட்மாஸ்ரரோ லொறியோ போனால் அதன் பின்னால் ஒட்டிக்கொள்வது. ஒலிம்பிக்கில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போகலாம். உங்களைப் போன்றவர்கள் போகிற வயதுப் பிரிவுப் போட்டிகளில் பெரும்பாலும் அது குற்றம். வீதியிலும் அது உயிருக்கு ஆபத்து. விடியலில் ஏ9 இல் மாடு படுத்திருக்கும், லைட் இல்லாமல் போகவே வேண்டாம்.

ஓட்டத்தின் மறுபாதி நடையானதற்கு இரண்டு காரணம். சைக்கிளால் இறங்கியவுடன் கால் தன்னுடையது இல்லாதமாதிரி இருக்கும், அதைப் போட்டி நாளில்தான் முதன்முதலில் அனுபவித்திருக்கிறான். ஒவ்வொரு கிழமையும் ஒருநாள் சைக்கிளால் இறங்கிய கையோடு பத்து நிமிடமாவது ஓடியிருந்தால் அந்தக் கால் அவனுக்குப் பழகியிருக்கும். இரண்டாவது, வெறும் தண்ணீராகக் குடித்திருக்கிறான். வியர்வையோடு உப்பும் போகிறது, வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு இன்னும் நீர்த்துப்போகும், அது தலைச்சுற்று, வாந்தியில் தொடங்கி ஆபத்து வரைக்கும் போகக்கூடியது. விலைகூடிய பானம் தேவையில்லை. தேசிக்காய், உப்பு, சீனி, அல்லது பார்மசியில் விற்கிற, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனித் தூள். ஆனால் அதையும் பயிற்சியிலேயே குடித்து வயிறு ஏற்கிறதா என்று பாருங்கள்.

இப்போது பெரிய ஆட்கள் இருவர். மார்க் அலன், கடைசியில் ஒரு முழு மரதனே ஓடவேண்டிய ஹவாய் ஐயன்மேன் என்கிற மிக நீண்ட ட்ரயத்லனில் டேவ் ஸ்கொட் என்கிற வீரரிடம் திரும்பத் திரும்பத் தோற்றவர். 1987 இல் ஓட்டத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தவர், உடம்பு விழுந்து ஸ்கொட்டுக்கு வழிவிட்டார். 1989 இல் அவர் மாற்றிய விஷயம் மிகச் சின்னது. முன்னால் பாய்ந்து போகவில்லை, நாள் முழுக்க ஸ்கொட்டின் பக்கத்திலேயே நின்றார், மரதன் முடியச் சற்று முன்புதான் பிரிந்தார். எட்டு மணித்தியாலப் போட்டியை 58 விநாடி வித்தியாசத்தில் வென்றார். முன்பு எந்த இடத்தில் உடைந்தாரோ அந்த இடத்துக்கு உடம்பை மிச்சம் வைத்துக்கொண்டு வந்தார்.

மற்றவர் புளோரா டஃபி. பெர்மியூடா என்கிற சின்னத் தீவுக்காரி, அந்த நாட்டு மொத்த சனம் எங்கள் கிளிநொச்சி மாவட்டத்துச் சனத்தை விடக் குறைவு. 2008 பெய்ஜிங்கில் போட்டியை முடிக்கவே இல்லை. விளையாட்டை விட்டுவிட்டுப் படிக்கப் போனார். பிறகு திரும்பினார். 2012 இல் லண்டனில் 45 ஆவது, 2016 இல் ரியோவில் 8 ஆவது, 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம், அவருடைய நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம். எல்லாரும் தங்கத்தைத்தான் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த 45. முன்பு முடிக்காத ஒருத்தி நாற்பத்தைந்தாவதாக வந்து அதை ஒரு படி என்று எடுத்துக்கொண்டாரே, அந்தக் கணக்குப் பார்க்கும் குணம்தான் நம்மிடம் குறைவு. எங்களில் பலர் அதே 45 ஐ வைத்துக்கொண்டு ஊருக்குள் தலைகாட்ட மாட்டோம்.

முன்வரிசையில் இருக்கிற அண்ணன்மாருக்கும் ஒன்று. 2016 ரியோவிலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கான ட்ரயத்லன் பராலிம்பிக்கில் இருக்கிறது. செயற்கைக் காலோடு ஓடுகிறவர்களும், கையால் மிதிக்கிற சைக்கிளில் போகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். வன்னியில் இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க எனக்கு மனமில்லை. ஆர்வம் இருந்தால் பிறகு வந்து கதையுங்கள், எந்தப் போட்டிப் பிரிவு, என்ன உபகரணம் என்று இருந்து பார்க்கலாம்.

அந்தப் பையன் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். இந்தத் தடவை அவனுக்கு நான் வைத்திருக்கிற இலக்கு மொத்த நேரத்தில் இல்லை, முதல் மாற்றத்தில் பாதி நேரம், நீச்சலில் நேர்கோடு, அவ்வளவுதான். ஓட்டத்தை அதற்கடுத்த தடவை பார்ப்போம். சனிக்கிழமை காலை அவனோடு தண்ணீரில் இறங்க விரும்புகிறவர்கள் கைதூக்குங்கள், தோணிக்காரரிடம் எத்தனை பேர் என்று சொல்லவேண்டும்.