நாடுகளின் ஐந்தொகை

நேயர்களுக்கு வணக்கம்.

நம் செட்டிநாட்டுப் பாட்டன்மார் கொண்டுவிற்க, அதாவது வணிகமும் லேவாதேவியும் செய்யப் போன நாடுகளுக்கெல்லாம் இன்று ஆண்டுதோறும் ஐந்தொகை (ஆண்டு முடிவில் எடுக்கும் இருப்புக் கணக்கு) எடுப்பவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அங்கே 1968இல் தொடங்கப்பட்ட தென்கிழக்காசிய ஆய்வு நிறுவனம், 1974 முதல் 'சவுத்ஈஸ்ட் ஏசியன் அஃபேர்ஸ்' என்ற தொகுதியை வெளியிட்டுவருகிறது. மியன்மார், மலேசியா, இந்தோனேசியா, வியட்நாம் என்று ஒவ்வொரு நாட்டிலும் முந்தைய ஆண்டில் அரசியலும் பொருளாதாரமும் சமூகமும் போன போக்கை அறிஞர்கள் எடைபோடுகிறார்கள். நடை சுவையானது என்று சொல்ல மாட்டேன். சில கட்டுரைகளைவிட நிலப்பத்திரம் சுவையாக இருக்கும்!

ஆனால் எழுதுகிறவருக்கு அடுத்த ஆண்டு தெரியாது. எனக்கு இந்தத் தொகுதி பிடித்ததே அதனால்தான். 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயத்தின் நிலையான மதிப்பைக் கைவிட்டது. நெருக்கடி இந்தோனேசியாவுக்கும் பரவியது. முப்பதாண்டுக்கு மேல் ஆண்ட சுகார்த்தோ 1998 மே 21இல் பதவி விலகினார். இன்று எழுதுகிற எவரும் அந்த வீழ்ச்சியை விதி போலச் சொல்லிவிடலாம். 1997 முடிந்த சூட்டில் எழுத உட்கார்ந்தவருக்கு அந்த வசதி இல்லை.

1930களின் பர்மாவுக்கு இப்படியொரு தொகுதி இருந்திருக்க வேண்டும். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ 6 சதவீதம். 1938இல் ஏறத்தாழ 25. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர் பேராசை என்று தீர்ப்பெழுதிவிடுவார். இடையில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது, நெல் விலை சரிந்தது, உழவரால் கடனைக் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் செட்டியாரின் வட்டிக்கடைக்கு வந்து சேர்ந்தது. லேவாதேவிக்காரருக்குப் பணம் சுழல வேண்டும். வயலில் முடங்கிய பணத்தால் அவருக்கு என்ன பயன்? 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு செட்டியார் தொழிலை விரிவாக ஆராய்ந்தது உண்மை. ஆனால் சரிவு முற்றியது அதற்குப் பிறகு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1942இல் ஜப்பானியர் வந்தது, நடந்தே ஊர் திரும்பியவர்கள், பிறகு நாட்டுடைமையில் போன சொத்து எல்லாம் நம் வீட்டு வளவுகளில் பேசப்படும். அதே வயலை இழந்த பர்மிய உழவரைப் பற்றி நாம் பேசுவது குறைவு. ரங்கூனில் கேட்டால் கதை தலைகீழாக இருக்கும். ஆண்டுதோறும் ஒருவர் எழுதி, அடுத்த ஆண்டு இன்னொருவர் அதைச் சரிபார்த்திருந்தால், இரண்டு இழப்புகளும் ஒரே பக்கத்தில் பதிவாகியிருக்கலாம்.

புதிய தொகுதி வந்ததும் பழையதைக் காலாவதி என்று ஒதுக்கும் நூலகங்கள் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்தவர். அந்தச் சேகரிப்புதான் 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக நடக்கிறது. அந்த மண்ணில் இருந்துகொண்டு நாம் ஆண்டுத் தொகுதிகளை எடைக்குப் போடலாமா?

மாணவர்களுக்கு ஒரு யோசனை. 1998ஆம் ஆண்டுத் தொகுதியின் இந்தோனேசியக் கட்டுரையையும் 1999இன் கட்டுரையையும் அடுத்தடுத்துப் படியுங்கள். மியன்மாரில் 2020 நவம்பரில் தேர்தல் நடந்தது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்கு 2021, 2022 தொகுதிகளைக் கேட்டு வாங்குங்கள்.