துணிக்கடை லெட்ஜர்ல வரைஞ்ச ஓவியர்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஒரு லகோட்டா ஓவியரைப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன், பேரு ஏமஸ் பேட் ஹார்ட் புல். பாடப்புத்தகத்துல செவ்விந்தியர்னு படிச்சிருப்போமே, அவங்கள்ல ஒரு ஜனம் லகோட்டா, அதுல ஓக்லாலாங்கிற பிரிவு இவரோடது. பொறந்தது 1869 வாக்குல.

இவரோட அப்பாதான் அவங்க கூட்டத்துக்கே வரலாறு எழுதி வைக்கிறவர். எழுதின்னா எழுத்து இல்லீங்க, படம். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரே ஒரு படம், அந்த வருஷம் அம்மை போட்டுச்சா, யாராவது பெரிய தலைவர் செத்தாரா, எது ஜனங்க மனசுல நின்னுச்சோ அது. 1833 நவம்பர்ல வானத்துலேர்ந்து எரிகல்லா கொட்டுச்சு பாருங்க, அது லகோட்டாக்காரங்க வச்சிருந்த இந்த மாதிரி கணக்குகள்ல நிறைய இடத்துல பதிவாகியிருக்கு.

அப்பல்லாம் படம் போட்டது காட்டெருமைத் தோல்ல. 1880கள்ல பாத்தா காட்டெருமையே கிட்டத்தட்ட இல்ல, மொத்தத்தையும் சுட்டுத் தள்ளிட்டாங்க, ஜனங்களை ஒதுக்கீட்டு நிலத்துல அடைச்சு அரசாங்க ரேஷனை நம்பி உக்கார வச்சுட்டாங்க, அப்புறம் தோலுக்கு எங்க போறது? பட்டாளத்துக்காரங்க, வியாபாரிங்க கைல இருந்த கணக்கு நோட்டுதான் படம் போடக் கெடச்சுது. ஏமஸ் நெப்ராஸ்கால இருக்கிற ராபின்சன் கோட்டையில அமெரிக்கப் பட்டாளத்துக்கு ஸ்கவுட் வேலை, அதாவது வழிகாட்டி உளவு பாக்கிற வேலை, பாத்தப்போ, பக்கத்துல கிராஃபோர்டுங்கிற ஊர்ல ஒரு துணிக்கடைக்காரர்கிட்ட பழைய லெட்ஜர் ஒண்ணு வாங்கினார். அதுல 400க்கு மேல படம் வரைஞ்சார்.

இதுல ஒரு விஷயம் கவனிங்க, 1877ல லகோட்டாக்காரங்களோட பேர் பெத்த போர்த் தலைவர் கிரேஸி ஹார்ஸைத் துப்பாக்கிக் கத்தியால குத்திக் கொன்னது அதே ராபின்சன் கோட்டையிலதான். இவர் அங்கயே சம்பளம் வாங்கினார், அந்தக் கொலையையும் அதே லெட்ஜர்ல வரைஞ்சும் வச்சார். இவரை ஒரு பக்கமா நிறுத்திப் பாக்கிறது எனக்கு கஷ்டமாத்தான் இருக்கு, வயித்துப்பாடு வேற இருக்குல்ல.

1876ல லகோட்டாக்காரங்களும் கூட்டாளிங்களும் அமெரிக்கப் பட்டாளத்தோட மோதின லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில, பட்டாளத் தளபதி கஸ்டரோட படை அழிஞ்சப்போ ஏமஸுக்கு ஏழு வயசு இருக்கும், சண்டை போட்டது சித்தப்பா பெரியப்பா வயசு ஆளுங்க, ஹீ டாக்னு அவரோட அப்பா கூடப் பொறந்தவரே அதுல ஒருத்தர். அவங்க சொல்லச் சொல்லக் கேட்டு வரைஞ்சதுதான் அந்தப் படங்க. அதுல ஒரு உத்தி பாருங்க, பக்கம் முழுக்கக் குதிரைக்காரங்களை மேலேர்ந்து பாக்கிற மாதிரி எறும்புச் சாரியாட்டம் குட்டி குட்டியாப் போட்டுட்டு, அதுல நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் ஓரத்துல பெருசாக் கிட்டத்துலேர்ந்து தனியாக் காட்டுவார், ஓவியப் பள்ளிக்கூடம் பக்கமே போகாத மனுஷன்! கிரேஸி ஹார்ஸ் உடம்பெல்லாம் புள்ளியோட குதிரை மேல வர்ற படமும் இருக்கு, சண்டைக்குப் போறப்ப அவர் ஆலங்கட்டி மாதிரி புள்ளி வச்சுக்குவாராம். பக்கத்துலயே லகோட்டா மொழியில குறிப்பும் எழுதியிருப்பார். சண்டை மட்டும்தான்னு நெனைக்காதீங்க, வேட்டை, நடனம், சடங்கு, விளையாட்டு எல்லாம் இருக்கு, எனக்கு அதுங்கதான் ரொம்பப் பிடிக்கும்.

1913ல ஏமஸ் போயிட்டார், லெட்ஜர் அவரோட தங்கச்சி டாலி ப்ரெட்டி க்ளவுட் கைக்கு வந்துச்சு. 1920கள்ல நெப்ராஸ்கா பல்கலைக்கழக மாணவி ஹெலன் ப்ளிஷ் கேள்விப்பட்டு வந்தாங்க, அந்தம்மா விக்க மாட்டேன்னுட்டாங்க, ஆனா வாடகைக்குத் தர சம்மதிச்சாங்க. ஹெலன் வயசான ஹீ டாக்கையும் அவர் தம்பி ஷார்ட் புல்லையும் பக்கத்துல வச்சுக்கிட்டு இது யாரு, இது எந்த எடம்னு ஒவ்வொரு படமாக் கேட்டு எழுதினாங்க. பக்கங்களைப் போட்டோவும் எடுத்தாச்சு, பெரும்பாலும் கருப்பு வெள்ளைதான்.

1947ல டாலி இறந்தாங்க. அவங்க வழக்கப்படி லெட்ஜரையும் கூடவே வச்சுப் பொதைச்சுட்டாங்க. ஹெலனும் 1941லயே போயிட்டாங்க, அவங்க எழுதினது படங்களோட புத்தகமா அச்சானது 1967லதான். ஐயோ இப்பிடி மண்ணுல போட்டுட்டாங்களேன்னு கலை விமர்சகர்கள் ஆதங்கப்படுறதுல நியாயம் இருக்கு, இருந்தாலும் அது அந்தக் குடும்பத்துச் சொத்து, அண்ணன் கையால வரைஞ்சது, அதை என்ன பண்றதுன்னு அவங்க முடிவு பண்ணினாங்க, நாம கேக்கிறதுக்கு ஒண்ணும் இல்லன்னுதான் எனக்குத் தோணுது. நன்றி, வணக்கம்.